ஸ்மிர்னாவில் பனி பெய்யாது

ஸ்மிர்னாவில் பனி கொட்டும் என்று மேனகா முதன்முதலில் சொன்னது ஒரு தட்டு பஜ்ஜிக்காகத்தான். திருச்சியிலிருந்து வந்து தங்கியிருந்த ஒரு அம்மாள், பங்களாவின் வாசல் கல்தூணில் செதுக்கியிருந்த பேரைப் பார்த்துவிட்டு, "ஸ்மிர்னான்னா எந்த ஊரு? இந்த மாதிரி குளிருமா?" என்று கேட்டாள். பஜ்ஜி ஆறிக்கொண்டிருந்தது. கொடைக்கானல் குளிரில் அதற்கு அதிக நேரம் வேண்டாம். "இதைவிடக் குளிரும்ங்க. பனி கொட்டும்" என்று சொல்லிவிட்டுத் தட்டை நீட்டினாள்.

கொட்ட ஆரம்பித்த பனி அதற்கப்புறம் நிற்கவில்லை. அடுத்து வந்தவர்கள் அங்கே என்ன மரம் என்று கேட்டார்கள். ஆப்பிள் மரம் வந்தது. ஏரி உண்டா என்றார்கள். ஊர் நடுவில் ஒரு ஏரி வந்தது. பங்களாவைக் கட்டிய பாதிரியார் யார் என்று ஒருவர் கேட்க, அவர் ஸ்மிர்னாவிலேயே பிறந்து, கடல் கடந்து இங்கே வந்து, ஒரு சாயங்காலம் பள்ளத்தாக்கிலிருந்து மேகம் ஏறுவதைப் பார்த்து, "இது என் ஊர் அல்லவா!" என்று அழுதுவிட்டார். ஆறு வருஷத்தில் அந்த ஊருக்கு வெள்ளைக் கூரைகளும், ஒரு மணிக்கூண்டும், கம்பளிச் சால்வை போர்த்திய பெண்களும் சேர்ந்துவிட்டார்கள். வருகிறவர்கள் கேட்கக் கேட்க மேனகா கட்டினாள்.

இப்போது அது பங்களாவின் வழக்கமாகவே ஆகிவிட்டது. சாயங்காலம் அஞ்சு மணிக்கு, மேகம் சவுக்கு மரங்களை விழுங்கிக்கொண்டு மேலே வரும் நேரத்தில், எல்லா அறைக்காரர்களும் வராந்தாவுக்கு வந்துவிட வேண்டும். சமையல்காரர் பிச்சையா மிளகாய் பஜ்ஜியும் இஞ்சி டீயும் தருவார். மேனகா ஸ்மிர்னா கதை சொல்வாள். அவள் அந்தப் பங்களாவின் மேனேஜர், கணக்கர், தோட்டக்காரி எல்லாம். கணவன் சுரேந்திரன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தான், மாசம் ஒரு தடவை வந்து போவான். மற்ற நாளெல்லாம் அவளும் பிச்சையாவும்தான்.

"ஏ புள்ள, இன்னைக்குக் கதையில பாதிரி அழுதாரா?" என்று பிச்சையா அடுப்படியிலிருந்து கேட்பார்.

"அழுதாரு மாமா."

"அப்ப மனசு உருகி ராத்திரிக்குக் கோழி கேப்பாக. உரிச்சு வச்சிடுறேன்."

மேனகா ஒரு தடவைகூட ஸ்மிர்னாவை மேப்பில் தேடிப் பார்த்ததில்லை. பஸ் ஸ்டாண்டு பக்கம் இன்டர்நெட் சென்டர் வந்து வருஷமாகிறது. அங்கே உட்கார்ந்திருக்கும் பையன் அவளுக்குத் தெரிந்தவன்தான். கேட்டால் ஒரு நிமிஷத்தில் காட்டுவான். அவள் கேட்கவில்லை. அது சோம்பல் இல்லை என்று அவளுக்கே தெரியும்.

அவள் பிறந்தது இலங்கையில், ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில். மூணு வயசில் தலைமன்னாரிலிருந்து கப்பலேறி, வழியெல்லாம் வாந்தி எடுத்து, கடைசியில் பெரும்பாறைக் காப்பித் தோட்டத்தில் அம்மாவோடு வந்து சேர்ந்தாள். தாங்கள் இருந்த இடத்தை அம்மா 'ஆத்துமேடு' என்பாள். லயத்து வரிசை வீடுகளில் இருந்த சனங்கள் தங்களுக்குள் வைத்துக்கொண்ட பேர் அது. துரையும் கிளாக்கரும் அதை வேறொரு இங்கிலீஷ் பேரில் கூப்பிட்டார்கள். அந்தப் பேர் அம்மாவின் வாய்க்கு வரவே இல்லை. அஞ்சாம் வகுப்பில் மேனகா இலங்கை மேப்பை விரித்துவைத்து ஆத்துமேட்டைத் தேடினாள். டீச்சரும் கூடக் குனிந்து தேடினாள். "அப்படி ஒரு ஊரே இல்லையேம்மா" என்றாள். வகுப்பு சிரித்தது. அன்றைக்கு அவளும் சிரித்தாள். ஆனால் அதற்கப்புறம் தனக்குப் பிடித்த எந்த ஊரையும் அவள் மேப்பில் தேடவில்லை.

அதனால்தான் 2007 மே மாசத்தில் முதலாளி சிவராமன் பங்களாவின் பேரை மாற்றப்போகிறேன் என்றபோது அவளால் சும்மா இருக்க முடியவில்லை. சிவராமனுக்கு வத்தலக்குண்டில் ஜவுளிக்கடை. எதையும் துணி மாதிரி இழுத்துப் பார்த்துத்தான் பேசுவார்.

"சுமிர்னாவாம். எவன் வாயிலயாவது நுழையுதா? 'ஸ்னோ டிராப் காட்டேஜ்'னு வைப்போம். கேட்டாலே குளிரணும்."

"சார், ஸ்மிர்னாவே பனி ஊருதான் சார். எல்லாரும் கேட்டுட்டுப் போய் அதையேதான் சொல்றாங்க."

அவர் மோவாயைச் சொறிந்தார். "அப்படியா? சரி, பேரு இருக்கட்டும். பெயிண்டர் வேலுமணியக் கூட்டிட்டு சனிக்கிழமை வாரேன். போர்டுல உன் பனியை வரைஞ்சிருவோம். மலை, வெள்ளைக் கூரை, பாதிரி, எல்லாம். பனி இருந்தாத்தான் பேரு. புரிஞ்சுதா?"

புரிந்தது. பனி இருக்கும்வரை பேர் இருக்கும்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் பழனியிலிருந்து ஒரு தம்பதி வந்து இறங்கினார்கள். சம்சுல் ஆலம் பாய்க்கு அறுபது வயசிருக்கும். கட்டையான, வெயிலில் கறுத்த ஆள். இருபது வருஷத்துக்கு மேல் சரக்குக் கப்பலில் இன்ஜின் ரூமில் வேலை பார்த்துவிட்டு, இப்போது அடிவாரத்தில் அண்ணனின் பாத்திரக்கடையில் உட்கார்ந்திருப்பவர். மனைவி உம்மு ஹபீபா கம்பளியை இரண்டு சுற்றாகச் சுற்றிக்கொண்டு இறங்கும்போதே பேச ஆரம்பித்துவிட்டாள்.

"உலகம் பூரா சுத்துனாரும்மா இவரு. எங்க வீட்டு மொட்டை மாடியில இருந்து அண்ணாந்தா தெரியுற மலை இது. இதுக்குக் கூட்டிட்டு வர முப்பது வருஷமாச்சு!"

"கப்பல் இங்க ஏறாதுல்ல" என்றார் பாய்.

அன்று அஞ்சு மணிக்கு வராந்தா நிறைந்திருந்தது. மதுரையிலிருந்து வந்த விசாலாட்சி என்ற பேங்க் அம்மாவும் அவள் தங்கை குடும்பமும் ஒரு பக்கம். பாயும் உம்மு ஹபீபாவும் மறுபக்கம். மேனகா சொன்னாள். பனி கொட்டியது, மணி அடித்தது, பாதிரி அழுதார். விசாலாட்சி கண்ணை ஒற்றிக்கொண்டாள். பாய் மட்டும் டீயைக் கையில் வைத்துக்கொண்டு, குடிக்காமல், அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, கப்பல் எந்தப் பக்கமா வந்து நிக்கும்?"

"கப்பலா பாய்? அங்க ஏரிதான். படகு உண்டு."

உம்மு ஹபீபா புருஷனின் தொடையில் கிள்ளியதை மேனகா பார்த்துவிட்டாள். பாய் சட்டென்று டீயைக் குடித்தார். "ஆமா, படகு. படகுன்னுதான் கேட்டேன்."

அன்று படுக்கையில் மேனகாவுக்கு அந்தக் கிள்ளலே திரும்பத் திரும்ப வந்தது.

மறுநாள் வெள்ளனே எழுந்து வாசலைக் கூட்டப் போனபோது பாய் கல்தூண் பக்கம் நின்று, செதுக்கியிருந்த எழுத்துகளை விரலால் தடவிக்கொண்டிருந்தார். உம்மு ஹபீபா படியில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள்.

"நேத்து ரொம்ப நல்லா இருந்துச்சும்மா" என்றார் பாய். "எனக்கே குளிர் எடுத்துருச்சு."

மேனகா துடைப்பத்தைச் சாய்த்து வைத்தாள். நீங்கள் பொய்யைக் கண்டுபிடித்துவிட்டீர்களா என்று கேட்க வாய் எடுத்தவள் வேறு ஒன்றைக் கேட்டாள்.

"அப்ப அந்த ஊரு இருக்கா பாய்?"

அவர் திரும்பிப் பார்த்தார். கேலி செய்கிறாளோ என்று பார்த்தார் போலிருக்கிறது. அவள் முகம் அப்படி இல்லை.

"என்னம்மா இப்படிக் கேட்டுட்ட? இருக்காவா? எத்தனை தடவை போயிருக்கேன்! கரையில எடம் கிடைக்காம நாள்கணக்குல வெளியில நங்கூரம் போட்டுக் கெடந்திருக்கேன். துருக்கி தேசம். அவங்க இஸ்மிர்ங்கிறாங்க."

மேனகா தூணைப் பிடித்துக்கொண்டாள். ஆறு வருஷமாகத் தன் வாயிலிருந்து மட்டுமே வந்துகொண்டிருந்த ஒரு ஊரில் இந்த மனுஷன் நங்கூரம் போட்டிருக்கிறார். முதலில் வந்தது வெட்கம். அதை முந்திக்கொண்டு ஒரு சந்தோஷமும் வந்தது, அது எங்கிருந்து வந்தது என்று அவளுக்குப் புரியவில்லை.

"பனி?"

"பனியா! எப்பவாச்சும் அதிசயமா ஒரு நாள் விழுந்தா உண்டு. வெயிலும்மா. நம்ம பழனி வெயில் மாதிரி. கோடைக்கு ஒரு பொட்டு மழை கெடையாது. மழையெல்லாம் குளிர்காலத்துலதான் பெய்யும், நம்ம ஊருக்குத் தலைகீழா."

ஒரு குச்சியை எடுத்து ஈர மண்ணில் கோடு போட்டார். கடல் ஒரு விரலை நிலத்துக்குள் நுழைத்து, நுனியை லேசாக மடக்கினது போல ஒரு வளைகுடா. விரல் நுனியில், நகம் இருக்கிற இடத்தில் ஊர். சுற்றிவர மலை. "உள்ள நுழைஞ்சா ரெண்டு பக்கமும் மலை கூடவே வரும். போகப் போக ஊரே தெரியாது. இன்ஜின் ரூம்ல இருந்து மேல வந்து நின்னுக்கிட்டே இருப்பேன். திடீர்னு மொத்தமா எதிர்ல வரும், மலைச்சரிவு பூரா வீடு. உச்சியில ஒரு கோட்டை. அதுக்கு வெல்வெட் கோட்டைன்னு பேரு."

"அத்திப்பழத்தைச் சொல்லுங்க" என்றாள் உம்மு ஹபீபா.

"அத்தி, காஞ்ச திராட்சை, மூட்டை மூட்டையா ஏத்துவான். துறைமுகத் தண்ணி அப்பல்லாம் நாறும். ஆனா மத்தியானத்துக்கு மேல கடல்ல இருந்து ஒரு காத்து எந்திரிக்கும் பாரு! அதுக்குப் பேரே வச்சிருக்கான். இம்பாத்."

"காத்துக்குப் பேரா?"

"பின்ன? புது மாப்பிள்ளையை எதிர்பாக்குற மாதிரி பாத்துக்கிட்டே இருப்பான். அது வந்தாத்தான் சன்னலைத் தொறப்பான், தெருவுக்கு வருவான், பேசுவான்."

"இவருக்கு அந்தக் காத்து வர்ற நேரம் ஞாபகம் இருக்கு. நிக்காஹ் நடந்த தேதி கேளு, முழிப்பாரு" என்றாள் உம்மு ஹபீபா. ஒரு சுளையை மேனகாவிடம் நீட்டினாள்.

ஸ்மிர்னா என்ற பேர் எப்படி வந்தது என்று மேனகா கேட்டாள். அது அங்கேயே யாருக்கும் நிச்சயமில்லை என்றார் பாய். துறைமுகத்து டீக்கடைக்காரன் ஒருவன், பாதி பேச்சும் பாதி கை ஜாடையுமாக, வில்லெடுத்துப் போருக்குப் போன ஒருத்தியின் பேர் என்றானாம். பக்கத்தில் இருந்தவன், இல்லை, வாசனைப் பிசின் ஒன்றின் பேர் என்றானாம். ஊர் முதலில் வளைகுடாவின் வேறொரு மூலையில் இருந்ததாம். பின்னால் ஒரு ராஜா மலையில் மரத்தடியில் தூங்கும்போது, ஊரை இங்கே கொண்டு வா என்று கனவு கண்டானாம். சனங்கள் எல்லாம் இடம் மாறினார்கள்.

"பேரை விட்டுட்டா வந்தாங்க?"

"பேரு என்னம்மா கனமா கனக்குது, விட்டுட்டு வர? அதையும் எடுத்துக்கிட்டுத்தான் வந்தாங்க. எங்க அப்பா காலத்துல, பழைய பேரு எழுதுன தபாலை வாங்க மாட்டோம்னு அங்கத்த கவர்மெண்டே சொல்லிருச்சாம். இருந்தும் பாரு, அந்தப் பேரு கொடைக்கானல்ல வந்து கல்லுல உக்காந்திருக்கு."

பாய் குச்சியை எறிந்தார். "நான் யார்கிட்டயும் ஒண்ணும் சொல்ல மாட்டேம்மா. உன் பனியே நல்லா இருக்கு."

சாயங்காலம் சிவராமன் வரப்போகிறார். பகல் முழுக்க மேனகா ஆய்ந்த கீரையையே மறுபடி ஆய்ந்தாள். பிச்சையாவிடம் விஷயத்தைச் சொன்னாள்.

"வாயை மூடிக்கிட்டுச் சோலியப் பாரு புள்ள" என்றார் அவர். "வெயிலூருன்னு தெரிஞ்சா அந்த ஆளு பேரைப் பிடுங்கி அடுப்புல வச்சிருவாரு. பாயே சொல்ல மாட்டேங்கிறாரு, உனக்கென்ன?"

அவளுக்கும் அதுதான் சரியென்று பட்டது. பேரைக் காப்பாற்ற வேண்டும், பனி காப்பாற்றும். ஆனால் மத்தியானம், துணி காயப்போட்டுக்கொண்டிருக்கையில், கீழே பள்ளத்தாக்கிலிருந்து காற்று எழுந்து போர்வையை அவள் முகத்தில் அடித்தது. பெரும்பாறையில் அம்மா காப்பிப் பழம் பறிக்கும்போது இதே நேரத்துக்குத்தான் கூடையை இறக்கிவிட்டு நிமிர்வாள். "வருது பாரு" என்பாள், யாரோ வருகிற மாதிரி. அந்தக் காற்றுக்கு அவர்கள் பேர் வைக்கவில்லை.

ஈரப் போர்வைக்குள் நின்றுகொண்டு மேனகா யோசித்தாள். இத்தனை நாள் அந்தப் பேரை அவள் ஏன் இப்படி இறுக்கிப் பிடித்திருந்தாள்? பேர் போனால் ஊரும் போய்விடும் என்றுதானே. அவள் சொல்வதை நிறுத்தினால் பனி நின்றுவிடும். மணி, ஏரி, சால்வைப் பெண்கள் ஒன்றும் மிஞ்சாது. ஆனால் இஸ்மிருக்கு அவள் சொல்ல வேண்டியதே இல்லை. இந்த நிமிஷம் அங்கே யாரோ சன்னலைத் திறந்துகொண்டிருப்பார்கள். அவளைக் கேட்காமலே அது இருக்கிறது. கொஞ்சம் கோபமாகக்கூட இருந்தது அவளுக்கு. அப்புறம் உடம்பு லேசானது.

சிவராமன் பெயிண்டர் வேலுமணியோடு வந்து, நடு நாற்காலியில் உட்கார்ந்து, பஜ்ஜியை ஊதினார். "ம், கதையை எடுத்து விடு மேனகா. இவன் கேட்டுத்தான் வரையணும். பனி எம்புட்டு உயரம் நிக்கும்னு சொல்லு."

மேனகா பாயைப் பார்த்தாள். பாய் மேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பனி இல்ல சார்" என்றாள். "அது வெயில் ஊரு."

சொன்ன பிறகு நிறுத்தவில்லை, நிறுத்தினால் தொடர முடியாது. கடல் விரலை நுழைத்த கதையைச் சொன்னாள். கூடவே வரும் மலைகள், வெல்வெட் கோட்டை, அத்திப்பழ மூட்டை, நாறுகிற தண்ணீர், கோடை முழுக்க ஒரு பொட்டு மழை இல்லாத வானம். மத்தியானத்தில் தெருவே செத்துக் கிடக்கும். எல்லாரும் சன்னலுக்குப் பின்னால் காத்திருப்பார்கள். அப்புறம் கடல் பக்கமிருந்து இம்பாத் வரும்.

"அய்யோ, எங்க மதுரை!" என்றாள் விசாலாட்சி. "சித்திரை வெயில்ல நாங்களும் இப்படித்தான். இந்தா வருது, வருதுன்னு மொட்டை மாடியில ஒக்காந்திருப்போம். எங்களுக்கு வர்றதுதான் இல்ல."

"நேத்து ஏரின்னீங்களே?" என்றாள் அவள் தங்கை.

"நேத்து எனக்குத் தெரியாதுங்க" என்றாள் மேனகா. "பாய் போய் வந்திருக்காரு. அவரைக் கேளுங்க."

எல்லாரும் பாய் பக்கம் திரும்பினார்கள். இருபது வருஷத்துக் கடலையும் பாத்திரக்கடையில் பூட்டி வைத்திருந்த மனுஷனுக்கு வேறென்ன வேண்டும்? நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "இனி விடிஞ்சாப்புலதான்" என்று உம்மு ஹபீபா தலையில் கை வைத்துக்கொண்டாள்.

வேலுமணி பென்சிலோடு நின்றான். "சார், நான் பனியை வரையவா, வெயிலை வரையவா?"

சிவராமன் கடிக்காத பஜ்ஜியைத் தட்டில் வைத்தார். மேனகாவை ஓரமாகக் கூப்பிட்டார். கோபம்கூட இல்லை அவருக்கு, நஷ்டப்பட்ட குரல்தான்.

"வத்தலக்குண்டுல இல்லாத வெயிலா மேனகா? வெயில் ஊருப் பேரை மாட்டிக்கிட்டு நான் குளிருக்கு வாடகை வாங்கணுமா? வேணாம்மா. ஸ்னோ டிராப்தான்."

"சரிங்க சார்" என்றாள். வலித்தது. ஆனால் அவள் பயந்திருந்த அளவுக்கு இல்லை.

திங்கட்கிழமை கல்தூணை மறைத்துப் பெரிய போர்டு ஏறியது. வெள்ளைப் பூ ஒன்று, நீல எழுத்தில் 'ஸ்னோ டிராப் காட்டேஜ்'. பாயும் உம்மு ஹபீபாவும் கிளம்பும்போது அதைப் பார்த்தார்கள். "பேரு நல்லாத்தான் இருக்கு" என்றாள் உம்மு ஹபீபா, "சோப்புக் கட்டிக்கு." பாய் போர்டுக்குப் பின்னால் கையை விட்டுக் கல்லை ஒரு தடவை தட்டிவிட்டு பஸ்ஸுக்குப் போனார்.

ஆயுதபூஜை லீவில் சிவராமனின் சம்பந்தி வீட்டார் திண்டுக்கல்லிலிருந்து வந்தார்கள். மத்தியானமே வர வேண்டியவர்கள் அஞ்சு மணிக்குத்தான் வந்து சேர்ந்தார்கள். பஸ் ஸ்டாண்டு டாக்ஸிக்கார வேலப்பன் சிரித்துக்கொண்டே பெட்டிகளை இறக்கினான். சம்பந்தியம்மா சண்முகவள்ளி சிரிக்கவில்லை.

"என்னம்மா எடம் இது? ஸ்னோ டிராப்னு கேட்டா இந்த ஊர்ல ஒருத்தனுக்கும் தெரியல. ஏரியை ரெண்டு சுத்து சுத்தியாச்சு. கடைசியில சம்பந்திக்குப் போன் போட்டா, அவரு அங்க கடையில இருந்து கத்துறாரு: 'ஸ்மிர்னான்னு சொல்லுங்க! ஏலே வேலப்பா, ஸ்மிர்னாடா!'ன்னு."

"அதை முதல்லயே சொல்லியிருந்தா வெரசா வந்திருப்போம்ல" என்றான் வேலப்பன்.

மேகம் சவுக்கு மரங்களுக்கு வந்துவிட்டது. மேனகா உள்ளே போய்த் தட்டோடு வந்தாள். சண்முகவள்ளி சால்வையை இழுத்துவிட்டுக்கொண்டு, போர்டையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஸ்மிர்னான்னா என்னம்மா? இந்த மாதிரி குளிர் ஊரா?"

"இல்லங்க, வெயில் ஊரு" என்றாள் மேனகா. தட்டை மேஜையில் வைத்துவிட்டு, நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டு அவளுக்கு எதிரில் உட்கார்ந்தாள். "உக்காருங்க, சொல்றேன்."

பஜ்ஜி ஆறினால் ஆறட்டும்.